பேரவை வாசலில் நிற்கும் காவலர் யார் பேச்சைக் கேட்பார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரதி பூங்காவின் ஒரு பக்கம் ராஜ்நிவாஸ் என்று நாங்கள் சொல்லும் துணைநிலை ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் சட்டப்பேரவை. புதுச்சேரியில் அரசியல் அறிவியல் ஆசிரியராக இருந்த காலத்தில், பிளஸ் டூ மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை பேரவை பார்க்க அழைத்துப் போவேன். ஒரு முறை வாசலில் வரிசையாக நின்றபோது, அங்கிருந்த காவலர் காதில் விழும்படியே ஒரு மாணவி கேட்டாள்: "சார், முதலமைச்சர் ஒன்று சொல்லி, சபாநாயகர் வேறொன்று சொன்னால், இவர் யார் பேச்சைக் கேட்பார்?" காவலர் சிரித்துவிட்டார். நானும் சிரித்து மழுப்பினேன். எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்தேன். கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வருகிறவர்களும் கடலூரிலிருந்து வந்து பார்க்கும் பழைய மாணவர்களும் கேட்ட கேள்விகளையும் சேர்த்துக்கொண்டேன். கேள்விகளில் பாதி டெல்லியைப் பற்றியவை, மீதி நம் ஊரைப் பற்றியவை.

நாடாளுமன்றத்தைக் காப்பது டெல்லி போலீஸ்தானே?

பாதி உண்மை. மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே சாலையிலும் சுற்றுப்புறத்திலும் டெல்லி போலீஸ். அவர்கள் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவர்கள். டெல்லி முதலமைச்சருக்கு அவர்கள் மேல் அதிகாரம் இல்லை. வளாகத்தில் ஆயுதம் ஏந்திய காவலும் சோதனையும் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையிடம். விமான நிலையத்தில் நம் பையைத் துழாவுகிறார்களே, அதே படை. அதுவும் உள்துறையின் கீழ்தான். கட்டடத்துக்குள், அவையின் கதவு வரைக்கும், கதவுக்கு உள்ளேயும், நாடாளுமன்றப் பாதுகாப்புப் பணியினர். இவர்கள் போலீஸ் அல்ல. மக்களவை, மாநிலங்களவைச் செயலகங்களின் ஊழியர்கள். ஒவ்வோர் உறுப்பினரின் முகமும் இவர்களுக்கு மனப்பாடம்.

இந்த மூன்றையும் ஒருங்கிணைக்க, பாதுகாப்புக்கென ஓர் இணைச் செயலாளர் இருக்கிறார். வழக்கமாக அயல்பணியில் வரும் ஐ.பி.எஸ். அதிகாரி. அவர் அமர்ந்திருப்பது அவைச் செயலகத்தின் நாற்காலியில். அவருடைய பதவி உயர்வு இருப்பது உள்துறையின் கோப்பில். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாணவியின் கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அவைக்கென்று தனிக் காவல் எதற்கு? போலீஸ் போதாதா?

1929 ஏப்ரல் 8. டெல்லியில் மத்திய சட்டமன்றம் நடந்துகொண்டிருந்தபோது, பார்வையாளர் மாடத்திலிருந்து பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசினார்கள். யாரும் சாகவில்லை. இருவரும் தப்பி ஓட முயலாமல் பிடி கொடுத்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. இனி அவைக்குள் போலீஸ் வேண்டும், அது எங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் என்பது ஆங்கிலேய அரசின் நிலை. அப்போது அவைத் தலைவராக இருந்தவர் விட்டல்பாய் படேல், வல்லபாய் படேலின் அண்ணன். அவைக்குள் யார் நிற்பது, யார் நுழைவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவைத் தலைவர்தான், அரசாங்கம் அல்ல என்று அவர் அடம்பிடித்தார். அந்த இழுபறியில் பிறந்ததுதான் அவைத் தலைவருக்குக் கட்டுப்பட்ட 'வாட்ச் அண்டு வார்டு' என்ற காவல் பிரிவு. 2009-இல் அதற்கு நாடாளுமன்றப் பாதுகாப்புப் பணி என்று பெயர் மாற்றினார்கள். ஊழியர்கள் பேச்சில் பழைய பெயர் இன்னும் போகவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், ஓர் இந்தியர், குண்டு வெடித்த சூடு ஆறுவதற்குள் அரசாங்க போலீஸை அவையின் கதவுக்கு வெளியே நிறுத்தப் பார்த்தார் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆயுதம் இல்லாத காவலரால் என்ன பயன்?

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தின் மீது நடந்த தாக்குதலில் இறந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். உள்துறை அமைச்சகத்தின் போலி ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளை அம்பாசடர் காரில் ஐந்து பேர் ஆயுதங்களோடு நுழைந்தார்கள். மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண் காவலர் கமலேஷ் குமாரி கையில் துப்பாக்கி இல்லை. அவர் கூவி எச்சரித்தார், சுடப்பட்டு இறந்தார். வாட்ச் அண்டு வார்டு ஊழியர்களான ஜகதீஷ் பிரசாத் யாதவ், மாத்பர் சிங் நேகி இருவரிடமும் ஆயுதம் இல்லை. இந்த மூவருக்கும் மறைவுக்குப் பின் அசோக சக்ரா வழங்கப்பட்டது. டெல்லி போலீஸார் ஐவரும் தோட்டப் பணியாளர் ஒருவரும் சேர்ந்து மொத்தம் ஒன்பது உயிர்கள். வந்த ஐவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உள்ளே இருந்த உறுப்பினர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கதவுகளைச் சாத்தியவர்கள் கையில் துப்பாக்கி இல்லாதவர்கள்.

2023-இல் புகைக் குப்பியோடு குதித்தார்களே, அதற்கு யார் பொறுப்பு?

அதே டிசம்பர் 13, இருபத்திரண்டு ஆண்டு கழித்து. புதிய கட்டடத்தில் மக்களவை நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு பேர் பார்வையாளர் மாடத்திலிருந்து அவைக்குள் குதித்து, காலணியில் ஒளித்து எடுத்துவந்த குப்பியிலிருந்து மஞ்சள் புகையைக் கிளப்பினார்கள். வெளியே இன்னும் இருவர் அதே வேலையைச் செய்தார்கள். குதித்தவர்களை முதலில் மடக்கியவர்களில் உறுப்பினர்களே இருந்தார்கள்.

யார் பொறுப்பு என்ற கேள்விதான் இங்கே சுவையானது. உள்துறை அமைச்சர் அவைக்கு வந்து விளக்கம் தர வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. வளாகத்தின் பாதுகாப்பு மக்களவைச் செயலகத்தின் பொறுப்பு, அதில் அரசு தலையிட முடியாது என்றார் சபாநாயகர் ஓம் பிர்லா. விட்டல்பாய் படேல் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அதே சபாநாயகர் விசாரிக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது உள்துறைக்குத்தான். உள்துறை அமைத்த குழுவுக்குத் தலைவர், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் தலைமை இயக்குநர். அன்றைக்கு வளாகத்தில் காவல் இருந்த படைகளில் அதுவும் ஒன்று. மக்களவைச் செயலகம் தன் பாதுகாப்புப் பணியாளர்கள் எட்டுப் பேரைப் பணியிடை நீக்கம் செய்தது. விளக்கம் கேட்டு முழக்கமிட்ட அந்தக் கூட்டத் தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

எண்ணிக்கையைக் கவனியுங்கள். பாதுகாப்புக் குறைபாட்டுக்காக நீக்கப்பட்டவர்கள் எட்டு. அதைப் பற்றிக் கேட்டு நீக்கப்பட்டவர்கள் 146. அமைச்சர் பதில் சொல்லத் தேவையில்லை என்பதற்கு அவையின் தன்னாட்சியே காரணமாகக் காட்டப்பட்டது. ஓர் உரிமையை அதன் சொந்தக்காரருக்கு எதிராகவே திருப்பிப் பிடிப்பது என்றால் இதுதான்.

தொழிற் பாதுகாப்புப் படை வந்ததில் என்ன தகராறு?

2024 மே மாதம் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் சுமார் 1,400 பேர் விலக்கப்பட்டு, தொழிற் பாதுகாப்புப் படையின் 3,300-க்கும் மேற்பட்டவர்கள் பொறுப்பேற்றார்கள். அடுத்த மாதமே, தமிழகத்தின் மாநிலங்களவை உறுப்பினர் எம்.எம். அப்துல்லா தன் அவைத் தலைவருக்குப் புகார் எழுதினார். நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது, எதற்காக வந்தீர்கள் என்று அந்தப் படையினர் தன்னை நிறுத்திக் கேட்டார்கள் என்பது புகார்.

கேட்கச் சின்ன விஷயம்போலத்தான் இருக்கும். என் பழைய மாணவர் ஒருவர் கடலூரில் வழக்கறிஞராக இருக்கிறார். "சார், எம்.பி. என்றால் கொம்பா முளைத்திருக்கிறது? நம்மையெல்லாம் தாலுகா அலுவலகத்தில்கூட நிறுத்தி நிறுத்தித்தானே கேட்கிறார்கள்?" என்றார். நியாயமான எரிச்சல். ஆனால் உறுப்பினர் அங்கே மனு கொடுக்கப் போகவில்லை. கடலூர்த் தொகுதிக்கு மக்களவையில் ஓர் இடம், புதுச்சேரி முழுவதற்கும் ஓர் இடம். அந்த ஒருவரை வாசலில் நிறுத்தி, ஏன் வந்தாய் என்று கேட்கும் அதிகாரம் அரசாங்கத்தின் படைக்கு இருந்தால், வாக்கெடுப்பு நாளில் அந்தக் கேள்வி எவ்வளவு நேரம் நீளும் என்பதுதான் அச்சம்.

2025 ஆகஸ்டில், மாநிலங்களவையின் நடுப்பகுதி வரைக்கும் தொழிற் பாதுகாப்புப் படையினர் வந்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சித் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே அவையின் துணைத் தலைவருக்கு எழுதினார். அவைக்குள் நின்றவர்கள் நாடாளுமன்றப் பாதுகாப்புப் பணியினர்தான் என்பது பதில். அவைக்குள் நிற்பவர் எந்தப் படை என்றே சர்ச்சை வருகிறது என்றால், சீருடையைக் கொஞ்சம் தெளிவாக வைத்திருக்கலாம்.

சீருடை என்றதும் நினைவுக்கு வருகிறது: மார்ஷல்கள் ராணுவ உடை போட்டார்களாமே?

ஆமாம், 2019 நவம்பரில், மாநிலங்களவையின் 250-ஆவது கூட்டத் தொடரில். அவைத் தலைவருக்கு உதவியாக நிற்கும் அவைக் காவலர்கள்தான் மார்ஷல்கள். அதுவரை தலைப்பாகையும் மூடிய கழுத்துக் கோட்டுமாக நின்ற அவர்கள், திடீரென்று ராணுவ அதிகாரிகளைப் போலத் தொப்பியும் சீருடையுமாக வந்தார்கள். முன்னாள் தளபதிகள் கடிந்துகொண்டார்கள். அவைத் தலைவராக இருந்த வெங்கையா நாயுடு மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டார். நமக்குத் தொப்பி அரசியல் புதிதல்ல: பிரெஞ்சுக்காரர் போய் இத்தனை ஆண்டுகளாகியும் புதுச்சேரிக் காவலர் தலையில் சிவப்புக் கெப்பி இருக்கிறது, ஒருவரும் அதைக் கழற்றச் சொன்னதில்லை.

மார்ஷல் ஓர் உறுப்பினரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே விடலாமா?

சபாநாயகர் உத்தரவிட்டால் விடலாம். அவை விதிகள் அந்த அதிகாரத்தைத் தருகின்றன. மார்ஷல் தன் விருப்பத்துக்கு ஓர் உறுப்பினரைத் தொட முடியாது. அமைச்சர் சொல்லியும் தொட முடியாது. உறுப்பினரை அமைதியாக வெளியேறச் சொல்வது முதல் படி, அடங்காதவரின் பெயரைச் சபாநாயகர் அவையில் அறிவிப்பது அடுத்தது, தூக்குவது கடைசி. நடைமுறையில் முதல் இரண்டு படிகளும் ஒரே மூச்சில் முடிந்துவிடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

அவைக் காவலருக்கும் போலீஸுக்கும் உள்ள வேறுபாடு தமிழ்நாட்டில் ரத்தத்தில் எழுதப்பட்டது. 1988 ஜனவரி 28. எம்.ஜி.ஆர். மறைந்து ஒரு மாதமும் சில நாள்களும்தான் ஆகியிருந்தன. ஜானகி ராமச்சந்திரன் அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. அவைக்குள் கைகலப்பு. சபாநாயகர் நாற்காலியில் பி.எச். பாண்டியன், 'வானளாவிய அதிகாரம்' என்ற சொல்லைத் தமிழுக்குத் தந்தவர். போலீஸார் பேரவைக்குள்ளேயே நுழைந்து உறுப்பினர்கள்மேல் தடியடி நடத்தினார்கள். இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது.

அந்த நினைவு எவ்வளவு ஆழமானது என்பது 2017 பிப்ரவரி 18 அன்று தெரிந்தது. எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரிய நாள். சபாநாயகர் தனபால் உத்தரவில் தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள், மு.க. ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். 122-க்கு 11 என்று தீர்மானம் நிறைவேறியது. அடித்தார்கள் என்பதோடு தி.மு.க. நிற்கவில்லை. அவைக் காவலர் உடையில் போலீஸ் அதிகாரிகள் உள்ளே வந்தார்கள் என்பதையும் பெரிய குற்றச்சாட்டாக வைத்தது. உடைக்குள் இருப்பவர் யாருடைய ஆள் என்பதுதான் அங்கேயும் சண்டை.

புதுச்சேரியில் நிலைமை என்ன?

கூடுதல் சிக்கல். மாநிலங்களில் அரசு, சபாநாயகர் என இரண்டு கைகள். நமக்குத் துணைநிலை ஆளுநர் என்று மூன்றாவது கை. போலீஸுக்கு உள்துறை அமைச்சர் ஒருவர் இங்கே உண்டு. ஆனால் உயரதிகாரிகள் யூனியன் பிரதேசங்களுக்கும் சில சிறு மாநிலங்களுக்கும் பொதுவான, மத்திய அரசு இடமாற்றும் கூட்டுப் பணிப் பிரிவிலிருந்து, கோவாவுக்கோ அருணாசலத்துக்கோ அடுத்து எப்போது போவோம் என்று தெரியாமல் வருகிறவர்கள்.

நல்ல உதாரணம் நியமன உறுப்பினர் விவகாரம். நம் பேரவையில் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் 30 பேர். மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். 2017 ஜூலையில் பாரதிய ஜனதா கட்சியைச் சேர்ந்த மூவரை மத்திய அரசு நியமித்தது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி ராஜ்நிவாஸில் அவர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். சபாநாயகர் வைத்திலிங்கம் அவர்களை ஏற்கவில்லை. 2018 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நியமனம் செல்லும் என்றது. தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூவரும் பேரவைக்கு வந்தபோது வாசலிலேயே காவலர்கள் தடுத்துவிட்டார்கள்.

அந்தக் காவலர் இடத்தில் நின்று யோசியுங்கள். பூங்காவின் ஒரு பக்கத்து மாளிகை இவர்கள் உறுப்பினர்கள் என்கிறது. நீதிமன்றமும் அப்படியே சொல்கிறது. உள்ளே இருக்கும் சபாநாயகர் விடாதே என்கிறார். அவர் சபாநாயகர் பேச்சைத்தான் கேட்டார். மாணவியின் கேள்விக்கு வாசலில் கிடைத்த விடை அது. சரியா தவறா என்பது வேறு. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் நியமனத்தை உறுதி செய்தது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு பெரும்பான்மை இழந்து விழுந்தபோது, நியமன உறுப்பினர்களின் வாக்குரிமைதான் அவையில் பேச்சாக இருந்தது.

அவைக்குள் குற்றம் நடந்தால் போலீஸ் வழக்குப் போட முடியுமா?

முடியும். அவையில் பேசியதற்காக, வாக்களித்ததற்காக வழக்குப் போட முடியாது. மேசையை உடைத்ததற்குப் போடலாம். 2015-இல் கேரளப் பேரவையில் வரவுசெலவுத் திட்ட நாளன்று நாற்காலிகள் பறந்தன. அந்த வழக்கைத் திரும்பப் பெற மாநில அரசு முயன்றபோது, பொருள்களை உடைப்பது உறுப்பினரின் சிறப்புரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் மறுத்துவிட்டது.

வளாகத்துக்குள் ஓர் உறுப்பினரைக் கைது செய்யலாமா?

சபாநாயகர் அனுமதியில்லாமல் கூடாது. வெளியே கைது செய்தால் உடனே அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வேறு நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் நாடாளுமன்றத்துக்கென்றே தனிப் போலீஸ் இருக்கிறது. 1828-இல் தொடங்கிய கேப்பிடல் போலீஸ். அது அதிபருக்குக் கட்டுப்பட்டதல்ல. இரு அவைகளின் தலைமைக் காவல் அதிகாரிகளும் கட்டடத்தின் தலைமைப் பொறுப்பாளரும் சேர்ந்த ஒரு வாரியம் அதை நடத்துகிறது. போலீஸ் தலைவர் அந்த வாரியத்தில் உட்காரலாம், வாக்களிக்க முடியாது. விட்டல்பாய் கனவு கண்டது இதுதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2021 ஜனவரி 6 அன்று கும்பல் உள்ளே புகுந்தபோது, தேசியக் காவற்படையைக் கூப்பிடப் போலீஸ் தலைவர் வாரியத்தின் ஒப்புதலைத் தேட வேண்டியிருந்தது. போலீஸ் தலைவரும் இரு அவைகளின் காவல் அதிகாரிகளும் பதவி விலகினார்கள். அவசர நேரத்தில் தலைவர் தானே படையைக் கேட்கலாம் என்று அந்த ஆண்டு இறுதியில் சட்டம் திருத்தப்பட்டது. அரசாங்கத்தின் கையிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, யார் எப்போது முடிவெடுப்பது என்பதும் எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிரான்சைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமல் விட முடியாது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக்காரர்கள் இங்கிருந்தபடியே பாரிஸ் தேசிய அவைக்கு வாக்களிக்கிறார்கள். அந்த அவையின் உள்ளும் புறமும் பாதுகாப்புக்குப் பொறுப்பு அவைத் தலைவர். தேவைப்பட்டால் ஆயுதப் படையை அவரே வரவழைக்கலாம் என்று 1958-ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் சொல்கிறது. யாரிடமும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டாம்.

காவலர் தவறாக நடந்துகொண்டால் சாதாரண மனிதர் எங்கே போவது?

யார் என்பதைப் பொறுத்தது. நம் பேரவைக்கு வெளியே நிற்கும் புதுச்சேரி போலீஸ் என்றால் காவல் புகார் ஆணையம் இருக்கிறது. 2006-இல் உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னதன் விளைவாக வந்த அமைப்பு. அவைச் செயலகத்தின் ஊழியர் என்றால் செயலகத்துக்கும் சபாநாயகருக்கும் எழுத வேண்டும். உறுப்பினராக இருந்தால் உரிமை மீறல் பிரச்சினை எழுப்பலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தை நம்பிப் போனால் ஒரு சுவர் உண்டு. தொழிற் பாதுகாப்புப் படையும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் அந்தச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. ஊழலோ மனித உரிமை மீறலோ இருந்தால் மட்டும் கேட்கலாம். ஆக, அவைச் செயலகத்தின் ஊழியர் கையிலிருந்த வேலை மத்தியப் படையின் கைக்கு மாறும்போது, அதைப் பற்றி நாம் கேட்கக்கூடியதும் சுருங்கிவிடுகிறது. 2024 மாற்றம் பற்றிப் பேசியவர்களில் இதைச் சொன்னவர்கள் குறைவு என்பது என் வருத்தம்.

டெல்லி போனால் அவை நடப்பதைப் பார்க்க முடியுமா?

உங்கள் தொகுதி உறுப்பினர் பரிந்துரைத்தால் பாஸ் கிடைக்கும். உங்களைத் தனக்குத் தெரியும் என்று அவர் உறுதி கொடுக்க வேண்டும். 2023-க்குப் பிறகு அந்தக் கையெழுத்தை யாரும் விளையாட்டாகப் போடுவதில்லை. கைப்பேசியை வெளியே விட்டுவிட வேண்டும். மாடத்தில் கை தட்டக் கூடாது, முழக்கம் கூடாது. மீறினால் பாதுகாப்புப் பணியினர் பிடித்து வைக்கலாம். மாடத்திலிருந்து துண்டுப் பிரசுரம் எறிந்தவர்களை அவையே தீர்மானம் போட்டுச் சிறைக்கு அனுப்பியதும் உண்டு.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். மக்களவை விதிப் புத்தகம் உங்களைக் குடிமகன் என்றோ வாக்காளர் என்றோ குறிப்பிடுவதில்லை. அதில் உங்கள் பெயர் 'வெளியார்'. ஒரு மாணவரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் உள்ளே இருப்பவர்களை அனுப்பியது யார் சார்?" என்று கேட்டார். அதற்கும் விதி எண் இருக்கிறதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.